ரிச்சி தெருவில் ஒரு சுவர் வாங்கப் போனோம்!

சாயங்காலம் ஆறரை மணிக்கு தி.நகர் உஸ்மான் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நிற்க விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம். கூட்டமே உங்களை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் ரங்கநாதன் தெருவில் போட்டுவிடும். இருந்தாலும் ஒரு விளக்குக் கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள்.

இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெண் பட்டுப்புடவையில் சுழன்றுகொண்டே இருக்கிறாள். பக்கத்துக் கட்டடத்தில் லாரி டயர் சைஸில் ஒரு நெக்லஸ். வெளிச்சம் எதிர்க் கடைக் கண்ணாடியில் பட்டு, அங்கேயும் ஒரு பெண், ஒரு நெக்லஸ். கீழே போகிற ஜனங்கள் இதைப் பார்க்கிறார்களா என்றால்... ஒருவர் செல்போனைப் பார்க்கிறார். ஒருவர் பாக்கெட்டைத் தொட்டுப் பர்ஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஓர் அம்மா, கீறிய மாங்காயில் மிளகாய்ப் பொடி போதுமா என்று பார்க்கிறார்.

அண்ணாந்து பார்த்தவர்கள் இரண்டே ரகம்தான். டிராஃபிக்கில் மாட்டிய பஸ்ஸின் ஜன்னல் சீட்டுக்காரர்கள். கடைக்குள் போன மனைவி எப்போது வருவாள் என்று தெரியாமல் எதிர் பிளாட்பாரத்தில் பைகளோடு நிற்கிற கணவர்கள்.

நடக்கிறவன் பார்ப்பதில்லை. காத்திருக்கிறவன் பார்க்கிறான். அரை மணி நேரம் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நான் சம்பாதித்த ஞானம் இதுதான்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு காரணம் உண்டு. பெரியப்பா பையன், கும்பகோணத்தில் ஜவுளிக்கடை. மூன்று மாடி. தி.நகருக்குக் கொள்முதலுக்கு வரும்போதெல்லாம் இந்தச் சுவர் டி.வி.க்களைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. பாங்க்கில் 12 லட்சம் லோன் சாங்ஷன் ஆகிவிட்டதாம். "தம்பி, நீ பி.காம். படிச்சவன். கூட வாடா. இருக்கிறதுலயே பெரிசு ஒண்ணு பார்த்துருவோம்" என்றார். பி.காமுக்கும் டி.வி.க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. அண்ணன் வாங்கித் தருகிற மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும்.

* * *

மவுண்ட் ரோடில் அண்ணா சிலையைத் தாண்டி உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. தெரு என்பது மரியாதைக்குச் சொல்வது. வயர் சுருள்கள், பழைய மானிட்டர்கள், அரிசி மூட்டை மாதிரி சாக்கில் கொட்டி வைத்த ரிமோட்டுகள் இவற்றுக்கு நடுவே மிச்சமிருக்கிற இடத்தில் நாம் நடக்கலாம். எதிரில் மீன்பாடி வண்டி வந்தால் அதுவும் கிடையாது. எதைக் கேட்டாலும் "இருக்கு சார், உள்ளே வாங்க" என்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, கேட்ட பொருளைப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பையன் வாங்கி வருவான்.

நாங்கள் ஏறியது ஒரு மாடிக் கடை. கடைக்காரர் நல்ல மனிதர். முதலில் டீ, பிறகுதான் பாடம்.

சுவர் டி.வி.யில் இரண்டு ஜாதி. முதலாவது, எல்.சி.டி. பேனல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது. 55 இஞ்ச் பேனல் ஒன்பதை மூன்றுக்கு மூன்றாக அடுக்கினால் சுமார் 12 அடி அகலம், ஆறே முக்கால் அடி உயரம். கிட்டத்தில் நின்று பார்த்தாலும் எழுத்து கூர்மையாகத் தெரியும். ஆனால் பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே கறுப்புக் கோடு. மூன்றரை மில்லிமீட்டர், இரண்டுக்கும் குறைவு, ஒன்றுக்கும் குறைவு என்று கோடு மெலிய மெலிய விலை பருக்கும். இதில் ஒரு வேடிக்கை. இரண்டுக்கு இரண்டாக நாலு பேனல் வைத்தீர்களானால், அந்தச் சிலுவைக் கோடு சரியாகக் கதாநாயகியின் மூக்கு மேல் விழும். மூன்றுக்கு மூன்று என்றால் மூக்கு நடு பேனலில் பத்திரமாக இருக்கும், காதுதான் போகும்.

இரண்டாவது ஜாதி, எல்.இ.டி. குட்டிக் குட்டி விளக்குப் புள்ளிகள் பதித்த ஓடுகள். தளத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது போல எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். கோடு தெரியாது. தி.நகரில் சுழல்கிற பெண் இந்த ஜாதி. தொண்ணூறுகளில் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் எழுத்தெல்லாம் சிவப்பாகவே ஓடியது ஞாபகமிருக்கிறதா? சிவப்பு விளக்குப் புள்ளி அப்போதே மலிவு. பளிச்சென்ற நீலம்தான் கைக்கு வராமல் அடம் பிடித்தது. நீலம் இல்லாமல் முழு வண்ணப் படம் ஏது? ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் வேலை பார்த்த ஷுஜி நாகமுரா 1993-ல் பிரகாசமான நீலத்தைக் கொண்டுவந்தார். 2014-ல் அகஸாகி, அமானோ என்ற இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. உஸ்மான் ரோடு ஜவுளிக்கடைகள் அவருக்கு ஒரு பட்டு வேட்டியாவது அனுப்பியிருக்கலாம்.

எல்.இ.டி. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, புள்ளிக்கும் புள்ளிக்கும் எவ்வளவு இடைவெளி என்பது. பி 10 என்றால் 10 மில்லிமீட்டர், பி 2.5 என்றால் இரண்டரை. கடைக்காரர்கள் சொல்கிற கணக்கு சுலபமானது: மில்லிமீட்டர் எத்தனையோ, குறைந்தது அத்தனை மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அதைவிடக் கிட்டே போனால் படம் போய்ப் புள்ளிக் கோலம் ஆகிவிடும்.

"அப்ப ரொம்பப் பொடியா இருக்கிறதையே போட்டுரலாமே?" என்றார் அண்ணன்.

போடலாம். பி 5-ல் ஒரு சதுர மீட்டருக்கு 40 ஆயிரம் புள்ளி. இடைவெளியைப் பாதியாக்கி பி 2.5 என்றால் 80 ஆயிரம் அல்ல. ஒரு லட்சத்து 60 ஆயிரம். இன்னொரு பாதி, பி 1.25 என்றால் ஆறு லட்சத்து 40 ஆயிரம். இடைவெளி பாதியானால் புள்ளி நாலு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் காசு. பார்க்கிறவன் 30 அடி தள்ளி நிற்கிற இடத்தில் பொடிப் புள்ளி போடுவது, மொட்டை மாடிக்கு மார்பிள் போடுவது மாதிரி.

* * *

சாப்பாட்டுக்காக மவுண்ட் ரோடுக்கு வெளியே வந்தோம். (சாப்பாடு நான் எதிர்பார்த்த தரத்தில் இருந்தது.) எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொரு ஞாபகம். ஒரு காலத்தில் இந்த ரோடு முழுக்க சினிமா பேனர்கள், கட் அவுட்டுகள். எல்லாம் கையால் வரைந்தவை. ஒரு சின்ன ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, பெரிய துணியில் அதே கட்டங்களைப் பெரிசாகப் போட்டு, கட்டம் கட்டமாக வரைவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஹீரோவின் கன்னத்தில் பச்சை, மூக்கில் ஊதா, நெற்றியில் ரோஸ். ஒன்றும் புரியாது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினால் ஹீரோ உங்களையே முறைப்பார்!

அந்தப் பேனர் ஓவியர்களுக்கு பிக்ஸல் என்ற வார்த்தை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பார்க்கிறவன் எங்கே நிற்பான் என்பதை முடிவு செய்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டார்கள். எங்கள் அண்ணன் சுவரின் அளவையும் லோனின் அளவையும் முடிவு செய்துவிட்டார். நிற்கிறவனைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"அண்ணே, கடை வாசல்ல ரோடு எத்தனை அடி?"

"இருபது அடி இருக்கும். பஸ் வந்தா ஒதுங்கி நிக்கணும்."

இருபது அடி ரோட்டில் 16 அடி டி.வி.! யார் பார்ப்பது? கழுத்து சுளுக்கும். வெளிச் சுவர் என்றால் வெயிலில் தெரிகிற அளவுக்குப் பிரகாசம் வேண்டும். உள்ளே ஆயிரம் நிட் தாராளம். வெளியே ஐயாயிரம் ஆறாயிரம் தேவை. ராத்திரியில் அதைக் குறைக்காவிட்டால் எதிர்வீட்டுக்காரர் தூங்க முடியாது. மழைக்குத் தனிக் காப்பு. உள்ளாட்சியில் அனுமதி. எல்லாவற்றுக்கும் மேல் காற்று. 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் ஒரு பெட்ரோல் பங்க் மேல் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் செத்தார்கள். 40 அடிக்கு 40 அடிக்கு மேல் கூடாது என்ற ஊரில் அது 120 அடிக்கு 120 அடி. அது டி.வி. இல்லை, வெறும் பலகைதான். ஆனால் காற்று, படம் ஓடுகிறதா ஓடவில்லையா என்று பார்த்து அடிப்பதில்லை.

அண்ணன் முகம் சற்று வாடியது. சரி, வாசல் வேண்டாம். உள்ளே எங்கே?

"புடவை செக்ஷன்ல போட்டா கிராண்டா இருக்குமே."

அங்கேதான் கூடவே கூடாது. திரையில் நீலக் கடல் ஓடினால் கவுண்டரில் விரித்த மாம்பழ மஞ்சள் பட்டு பச்சையடிக்கும். ஏற்கெனவே நம் பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு ஓடி நிறம் பார்க்கிறவர்கள். இனி பஸ் ஸ்டாண்ட் வரை ஓடுவார்கள்.

2023-ல் ஒரு பாக்கேஜ் டூரில் துபாய் மாலுக்குப் போயிருந்தேன். அங்கே அக்வேரியத்தில் எல்.ஜி. கம்பெனி 2017-ல் 820 ஓ.எல்.இ.டி. பேனல்களைச் சேர்த்து, 50 மீட்டர் அகலம், 14 மீட்டர் உயரத்துக்குத் திரை அமைத்திருந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன். பக்கத்தில் ஒரு கோடி லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் நிஜ சுறா நீந்திக்கொண்டிருந்தது. குழந்தைகள் எல்லாம் சுறா பக்கம்! நிஜமான சரக்குக்குப் பக்கத்தில் அதன் படத்தை வைத்தால் ஜெயிப்பது சரக்குதான். ஜவுளிக்கடைக்காரருக்கு இது சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம். அண்ணன் படவில்லை.

* * *

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பி.காம். இதற்காவது உதவட்டும். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன், பி 2.5-ல் 16 அடிக்கு 9 அடி. புள்ளிக் கணக்கில் கிட்டத்தட்ட ஃபுல் ஹெச்.டி.; விலை 12 லட்சம். ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் தேய்மானம். மாதம் 20 ஆயிரம். ஒரு நாளைக்கு சுமார் 670 ரூபாய். சதுர மீட்டருக்குச் சராசரி 200 வாட், 12 மணி நேரம் ஓட்டம் என்றால் தினம் 30 யூனிட்டுக்கு மேல் கரண்ட். அந்தச் சூட்டைத் தணிக்க ஏ.ஸி. தனியாக உழைக்க வேண்டும். பாங்க் வட்டியை அண்ணனின் வயிற்றெரிச்சலுக்காகச் சேர்க்கவில்லை. கரண்ட் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஆயிரம் ரூபாய், லாபம் பத்து சதவிகிதம் என்றால், இந்த டி.வி. ஒன்றுக்காகவே தினமும் 10 ஆயிரத்துக்குக் கூடுதலாக வியாபாரம் நடக்க வேண்டும். ஆடி மாதம் நடக்கும். மார்கழியில்?

"சரி, அதுல என்ன படம் ஓட்டப் போறீங்க?"

"கல்யாணப் பட்டு."

"அடுத்த மாசம்?"

"..."

சென்னையில் ஒரு மாலில் நானே பார்த்தேன். பேரெல்லாம் வேண்டாம். பிரமாதமான சுவர், மூன்று எஸ்கலேட்டர்களிலிருந்தும் தெரிகிற இடம். அதில் பொங்கல் வாழ்த்து சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஏப்ரல் மாதம். இன்னொரு நாள் போனபோது, 'அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று ஆளுயர இங்கிலீஷ் எழுத்தில் மாலுக்கே அறிவிப்பு. சுவருக்கு லட்சம் லட்சமாகச் செலவழிப்பவர்கள், வாரா வாரம் படம் மாற்றுகிற பையனின் சம்பளத்தை ஏனோ கணக்கில் எழுதுவதில்லை. அதற்குக் காசு ஒதுக்க முடியாவிட்டால், அந்தச் சுவரில் நல்லதாக நாலு டிஸ்டெம்பர் அடித்துவிடலாம் என்பது என் கட்சி.

மாடிக்குத் திரும்பவும் ஏறினோம். இந்தத் தடவை அண்ணன் கேட்டது வேறு கேள்வி. "பில் போடுற இடத்துல ஜனங்க கியூவில நிக்கறாங்க. முகூர்த்த நாள்ல இருபது நிமிஷம் ஆகும். அங்க போட்டா?"

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூரம் எவ்வளவு? அண்ணன் ஊருக்கு போன் போட, ஒரு பையன் ஜவுளி அளக்கிற மீட்டர் கோலாலேயே தரையை அளந்து சொன்னான். சுவரிலிருந்து கியூவின் முதல் ஆள் மூன்று மீட்டர், கடைசி ஆள் ஒன்பது. பி 2.5 சரியாகப் பொருந்தும். இருபது கேபினட், குறுக்கே ஐந்து, மேலே நாலு. பத்தரை அடிக்கு ஆறே கால் அடி. பழைய கொட்டேஷனில் பாதிப் பரப்புகூட இல்லை.

பிறகு விறுவிறுவென்று விஷயங்கள் நகர்ந்தன. செல்போனில் வீடியோ எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடக் கூடாது; கல்யாண கோஷ்டி கட்டாயம் செல்ஃபி எடுக்கும். அதற்கு ரெஃப்ரெஷ் ரேட் 3840 வேண்டும், மலிவான 1920 போதாது. பின்னால் ஆள் புக இடமில்லை, ஆகவே முன்பக்கத்திலிருந்தே கழற்றி ரிப்பேர் செய்கிற மாடல். உதிரி மாட்யூல்களை இப்போதே, அதே பேட்ச்சில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் கழித்து வாங்கினால் நிறம் ஒத்துப் போகாது, சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். இதைக் கடைக்காரரே சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குப் பின்னால் நல்ல வியாபாரம்.

"சுவர் செங்கல்தானே சார்?" என்று கடைசியாகக் கேட்டார்.

மறுபடி போன். பையன் போய்த் தட்டிப் பார்த்தான். டொக் டொக்கென்ற சத்தம் ஸ்பீக்கரில் எங்களுக்கே கேட்டது. ப்ளைவுட்! பின்னால் ஸ்டாக் ரூம். தரையிலிருந்து இரும்பு ஃப்ரேம் எழுப்பித்தான் மாட்ட வேண்டும் என்று கொட்டேஷனில் இன்னொரு வரி ஏறியது. அண்ணன் பெருமூச்சு விட்டுவிட்டு, "வெல்டிங்குக்கு எங்க ஊர்லயே ஆளு இருக்கான் சார், அந்த வரிய அடிச்சிருங்க" என்றார்.