பிரான்சிலிருந்து வந்த மரச்சிலுவைகள்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மெல்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள புனித அந்திரேயா தேவாலயத்துக்குள் உயர்ந்த பீடத்தின் மேல் வெண்கலக் குதிரையும் அதில் ஒரு இளம் வீரனும். சிலையை வடித்தவர் ஆல்ஃபிரட் மன்னிங்ஸ். பீடம் எட்வின் லட்யன்ஸின் கைவேலை. டெல்லி இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் அவர்தான். குதிரை மேல் இருப்பவர் எட்வர்ட் ஹார்னர், ஊர்ப் பெரிய வீட்டின் வாரிசு. தம்பி சிறு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டான். இவர் 1917 நவம்பர் 21 அன்று, முதல் உலகப் போரின் கம்ப்ரே சண்டையில் இறந்தார்.

இவ்வளவு செலவழித்து எழுப்பிய நினைவுச்சின்னத்தின் பீடத்திலேயே, போர்க்களத்தில் அவர் புதைகுழி மேல் நட்டிருந்த மரக்குறியையும் சேர்த்திருக்கிறார்கள். பளிங்குபோல் இழைத்த கல்லில் அந்தக் கட்டை ஒட்டாமல் நிற்கிறது. பிரான்சில் இருக்க வேண்டியது இங்கே எப்படி வந்தது?

இந்தக் கேள்வியோடு பக்கத்து ஊர்த் தேவாலயங்களுக்குள்ளும் நுழைந்து பார்த்தேன். ஒன்றில் மணிக்கூண்டு வாசலருகே, துடைப்பங்களுக்கு மேலே, ஒரு மரச்சிலுவை தொங்கியது. அதில் சாயம் இல்லை, செதுக்கல் இல்லை. எழுத்துகள் புடைத்த மெல்லிய அலுமினியப் பட்டைகளை ஆணியால் அடித்திருந்தார்கள்: பெயர், படைப்பிரிவு, தேதி. ஒரு பட்டையில் ஜி.ஆர்.யூ. என்ற மூன்று எழுத்து. அது போர்க்களக் கல்லறைகளைப் பதிவுசெய்த ராணுவப் பிரிவு. சிலுவையின் அடிப்பாகம் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்து, உளுத்திருந்தது. அந்த அளவுக்கு அது மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

விடையைத் தேடி நூலகத்தில் பழைய நாடாளுமன்ற விவாதங்களைப் புரட்டினேன். தேடல் 1915-க்குப் போய் நின்றது. அந்த ஏப்ரலில் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன், அவரும் ஒரு எம்.பி., பிரான்சில் கொல்லப்பட்டார். செல்வாக்குள்ள குடும்பம்; குழியைத் தோண்டி உடலை எடுத்துக் குடும்ப ஊரான ஹார்டனில் அடக்கம் செய்தார்கள். மற்ற தாய்மாருக்கு இது வாய்க்குமா? கல்லறைப் பதிவு வேலையை முன்னின்று நடத்திய ஃபேபியன் வேர் இதை ஏற்கவில்லை. உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதற்கு அந்த ஆண்டே தடை வந்தது. 1917 மே மாதம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் உருவானது. அடுத்த ஆண்டு ஃபிரெடரிக் கென்யன் கொடுத்த அறிக்கை விதியைத் தெளிவாக்கியது: தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல், சுமார் 81 சென்டிமீட்டர் உயரம். குடும்பத்தார் சேர்க்கக்கூடியது கல்லின் அடியில் ஒரு வாசகம். அதுவும் 66 எழுத்துக்குள்.

பலருக்கு இது பொறுக்கவில்லை. மூன்று மகன்களைப் பறிகொடுத்த ஃபுளோரன்ஸ் செசில், எக்ஸெட்டர் ஆயரின் மனைவி, கல்லுக்குப் பதில் சிலுவையாவது நட விடுங்கள் என்று 1919-இல் மனு கொடுத்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருந்தார்கள். 1920 மே 4 அன்று நாடாளுமன்றம் விவாதித்தது. ஆணையத்தின் கட்சியே நின்றது.

கல் நட நட, பழைய மரச்சிலுவைகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. வேண்டுமென்று கேட்ட குடும்பங்களுக்கு அவற்றைக் கொடுத்தார்கள். கேட்பாரற்றவற்றை எரித்தார்கள். வாங்கிய சிலுவையை வீட்டுக்குள் எங்கே வைப்பது? தேவாலயம்தான் இடம். மகனை அடக்கம் செய்ய முடியாத மண்ணில், அவன் தலைமாட்டில் நின்ற கட்டைக்காவது ஒரு சுவர் கிடைத்தது.

இதை அறிந்தபின் மெல்ஸ் தேவாலயம் வேறு மாதிரி தெரிந்தது. அதே கூரைக்குக் கீழ் ரேமண்ட் அஸ்குவித்துக்கும் நினைவுச்சின்னம் உண்டு. அப்போதைய பிரதமர் அஸ்குவித்தின் மூத்த மகன். எட்வர்டின் அக்காள் கணவர். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போரில் இறந்தார். அவருக்காகச் சுவரில் லத்தீன் வரிகளை எரிக் கில் வெட்டினார். மேலே லட்யன்ஸின் வெண்கல மலர்வளையம். ஊர்க்காரர்கள் எல்லோருக்குமான நினைவுத்தூண் தெருவில் இருக்கிறது. அதுவும் லட்யன்ஸ் செய்ததே. உச்சியில் புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்கிறார். 1921-இல் திறந்தார்கள்.

பிரான்சில் அரசு போட்ட சமத்துவ விதி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டவில்லை. ஊர்த் தேவாலயத்தில் பலகை பதிக்க மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும், பணம் வேண்டும், சிற்பியைத் தெரிந்திருக்க வேண்டும். வசதியுள்ளவர் குதிரை வைத்தார், மற்றவர் பொதுப் பலகையில் ஒரு வரியானார். பிரான்சில் எட்வர்டின் கல்லும் அவர் பக்கத்தில் கிடக்கும் சிப்பாயின் கல்லும் ஒரே உயரம். மெல்ஸில் அந்தச் சமன் இல்லை.

ஆனால் ஹார்னர் குடும்பத்துக்கும் கிடைக்காத ஒன்று உண்டு: மகனின் உடல். மன்னிங்ஸையும் லட்யன்ஸையும் அழைக்க முடிந்தவர்களும், துடைப்பத்துக்கு மேலே சிலுவையை மாட்டியவர்களைப் போலவே, பிரான்சிலிருந்து வந்த கட்டையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபேபியன் வேரின் விதி தன் வேலையைச் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன். அது கொடுமையான விதி, நியாயமான விதியும்கூட.