பாட்டி எடுக்கும் யூ டர்ன்

பாட்டிக்கு 78 வயசு. தெருமுனைக் கோயிலுக்குத் தனியாவே போயிட்டு வந்துடுவாங்க. ஆனா அடுப்படியில உப்பு டப்பா எடுக்கத் திரும்பணும்னா மேடையைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சாறு குட்டி அடி. டவுன் பஸ் ரிவர்ஸ் எடுக்குதுன்னு தம்பி கிண்டலடிப்பான்.

பொட்டி தட்டுற நமக்குத் திரும்பறதெல்லாம் ஒரு வேலையா? வேலைதான் மக்களே. முதல்ல கண், அப்புறம் தலை, உடம்பு, கடைசியா கால்னு வரிசையா திரும்பணும். உள்பக்கக் கால் சின்ன அடி, வெளிப்பக்கக் கால் பெரிய அடி. நடுவுல மொத்த எடையும் ஒத்தக் கால்ல. வயசானா இடுப்புத் தசையும் உள்காதும் தளர்ந்துபோய், தலையும் உடம்பும் ஒரே கட்டையா திரும்புது. இதுல தடுமாறினா பக்கவாட்டுலதான் விழுவாங்க, அடி இடுப்பெலும்புக்கு.

1991-லேர்ந்து ஒரு எளிய சோதனை இருக்கு. நாற்காலியிலேர்ந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 நொடியோ அதுக்கு மேலயோ ஆனா விழுற அபாயம் உண்டுன்னு கணக்கு. பாட்டிக்கு 16. அதுல திரும்பறதுக்கே அஞ்சு!

"என்னடா, ரேஸா விடற?"ன்னாங்க.

உப்பு டப்பாவை அடுப்புக்குப் பக்கத்துலயே வெச்சுட்டேன். மறுநாள் அது பழைய இடத்துலயே இருக்கு. "என் அடுப்படிடா இது"ங்கறாங்க. பேச்சுவார்த்தை தொடருது :-)