திரும்பி வரும் கால்

கபடி ஆட்டத்தில் பாடிச் செல்பவனை எல்லாரும் போகும்போது பார்க்கின்றனர். அவன் தொடை தட்டுவதையும், நடுக்கோட்டைத் தொட்டு நெஞ்சில் ஒற்றிக்கொள்வதையும், எதிர்க்களத்தில் காலை வீசுவதையும் கண்டு ஆர்ப்பரிக்கின்றனர். நாமோ அவன் திரும்பி வருவதைப் பார்க்கும் வழக்கம் உடையோம். இவ்வழக்கம் நமக்கு எவ்வாறு வாய்த்தது என்பதைப் பின்னர்ச் சொல்வோம். இதனால் நமக்கு நேர்ந்த சங்கடம் ஒன்றைப் பற்றியே இப்போது வாசக அன்பர்களிடம் பேச வந்தோம்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உடற்கல்வி இயக்குநர் நம் இல்லம் வந்தார். நம்மினும் பத்து வயது இளையவர். சிறுவராயிருந்தபோது திருச்சுழிக் குண்டாற்று மணலில் நம்மிடம் பிடிபட்டும், மீசை முளைத்தபின் நம்மைப் பிடித்தும் ஆடியவர். அவருடைய பிள்ளைகள் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டனர். எதிரே நிற்பது மதுரைக் கல்லூரி ஒன்று.

“பாய், இன்னும் நாலு நாள்தான் இருக்கு. பிடிக்கிற பிள்ளைகளைப் பத்திக் கவலையில்லை. பாடுறது மூணு பேரு. யாரை முதல்ல அனுப்ப, யாரை மூணாவது ரைடுக்கு வைக்கன்னு எனக்குப் பிடிபடலை. தினம் பாக்குற கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு போலத் தெரியுது. மூணு சாயங்காலம் வந்து உக்காந்து பாருங்க” என்றார்.

“மணலில் ஆடியவனுக்கு மேட்டைப் பற்றி என்ன தெரியும்?” என்றோம்.

“மேட்டு புதுசு பாய். கால் பழசுதானே?” என்றார். மறுக்க இயலவில்லை.

இந்தச் சீமையை அறியாத அன்பர்களுக்குச் சில சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிறைத்தால் உண்டு, இல்லையேல் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். கரிசல் மண் ஈரத்தில் காலைப் பற்றும், வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதில் விழுந்து எழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. ஆகவே ஆற்று மணலை நாடினோம். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மற்ற நாளெல்லாம் அது மைதானம். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், செருப்புக்கூட வேண்டாம். இல்லாதவன் ஆடத்தக்க ஆட்டம் என்பதால் இங்கே அது வேரூன்றியது. திருச்சுழியை வெளியூரார் அறிவது 1879இல் ரமணர் பிறந்த ஊர் என்பதால். அவரும் இளமையில் எந்தப் பக்கம் சேர்ந்து ஆடினாலும் அந்தப் பக்கமே வெல்லும் என்பதால் தோழர்கள் ‘தங்கக்கை’ என்று அழைத்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நம் காலத்தில் அத்தகைய கை ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

அன்று நாம் ஆடியது சடுகுடு. கடிகாரம் கிடையாது, மூச்சுத்தான் கணக்கு. மூச்சுவிடாமல் பாடும் வரை எதிர்க்களத்தில் நிற்கலாம். பாட்டு நின்றால் ஆள் அவுட். இன்று பாடுபவனுக்கு 30 வினாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு; அதையும் தாண்டாமல் எவரையும் தொடாமல் திரும்பினால் அவனே வெளியேற வேண்டும். அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு. எதிரே ஆறு பேரோ எழுவரோ நிற்கும்போது ஒரு காலை அக்கோட்டுக்கு அப்பால் ஊன்றி மறுகாலை அந்தரத்தில் நிறுத்தினால், எவரையும் தொடாமலே ஒரு புள்ளி. இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய அணி மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும், தவறினால் பாடியவன் வெளியே. இவ்வாட்டம் 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலும், 2014 முதல் தொலைக்காட்சி லீக் ஆட்டத்திலும் ஏறியது.

நமக்கு மேட்டின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டனர். தாளும் பேனாவும் தந்தனர்.

முதலாமவன் நெட்டையன். ஊர் அறிந்த பிள்ளை. மின்னொளிக் கபடிப் போட்டி நடக்கும் கிராமங்களில் அவன் படம் போட்ட பிளெக்ஸ் கட்டுவார்கள். கால் நீளம், அதனால் போனஸ் அவனுக்குப் பாட்டன் சொத்து. இடப்புற மூலையில் நிற்பவன் கணுக்காலுக்குக் கை நீட்டும் நொடியில் இவன் கால் அங்கே இராது. குறையென்றால், கூட்டம் கைதட்டினால் இரண்டாம் புள்ளிக்கு ஆசைப்படுவான். முதல் நாள் தாளில் ‘முதல் ரைடு இவனுக்கே’ என்று எழுதினோம்.

இரண்டாமவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, குட்டையன். இரவெல்லாம் விசைத்தறி ஓடும் தெருவில் உறங்கிப் பழகியவன் ஆதலால் எந்தக் கூச்சலும் அவனைத் தொடுவதில்லை. தறி ஓட்டிய கை ஆதலால் வேகம் என்று உடன் ஆடுவோர் கூறினர். நாம் அதை நம்பவில்லை. தறி ஓட்டுவோர் எல்லாரும் கபடி ஆடுவதில்லை. அவன் வேகம் கண்ணில் இருந்தது. கைகோத்து நிற்கும் இருவரில் எவன் பிடி தளர்கிறது என்பதைக் கண்டு, குனிந்து அந்தக் கைகளுக்கு அடியில் நுழைந்து வந்துவிடுவான். குறை, கவர் நிற்பவன் நெஞ்சால் இடித்தால் களத்துக்கு வெளியே போய் விழுவான். எடை போதாது.

மூன்றாமவன் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து பேருந்தில் வருபவன். தந்தை கரிமூட்டக்காரர். விடுமுறையில் இவனும் கருவேல் வெட்டுவான். பேச மாட்டான். பாடும்போதும் அவன் குரல் நடுவருக்குக் கேட்குமோ என்று ஐயுறும் அளவுக்கு மெல்லத்தான். முதல் நாள் அவனை நாம் பொருட்படுத்தவே இல்லை. இரண்டாம் நாள்தான் கவனித்தோம்: நால்வர் மேலே விழுந்து அமுக்கினாலும் அவன் கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தது. அவசரமே இல்லை. இருபத்தைந்தாம் வினாடி வரை ஒன்றும் செய்யாமல் நிற்பான். எதிரிக்குப் பொறுமை போய்க் கை நீட்டும்போது அந்தக் கையைத் தொட்டுவிட்டு வருவான். மூன்றாவது ரைடுக்கு உரியவன் இவனே என்று கண்டுகொண்டோம். ஆயினும் போனஸ் எடுக்கத் தெரியாது. அவ்வளவு தூரம் கால் நீளாது.

சங்கடம் தொடங்கியதும் அந்த இரண்டாம் நாளில்தான். நெட்டையன் ஒவ்வொரு முறையும் இடக்காலை ஊன்றியே திரும்பினான். வலக்காலில் திரும்பினால் ஓரடி மிச்சமாகும் இடத்திலும் இரண்டடி சுற்றி இடக்காலுக்கு வந்தான். மூன்றாம் நாள் இயக்குநரிடம் கூறி, நன்கு பிடிப்பவன் ஒருவனை மூலை மாற்றி நிறுத்தினோம். வலக்காலில் திரும்பியே ஆகவேண்டிய நிலை. நெட்டையன் போனஸ் கோட்டருகே சென்றான், நின்றான், ஒன்றும் எடுக்காமல் சிரித்துக்கொண்டே திரும்பினான். எதிரியை ஏய்க்கிறான் என்றெண்ணி எல்லாரும் கைதட்டினர்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவனிடம் சென்றோம். “தம்பி, வலது முழங்கால் எத்தனை நாளாக?” என்றோம்.

சற்று நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றான். “மூணு வாரமா ஐயா. ஒரு மின்னொளி மேட்ச்ல திருகிக்கிச்சு. கட்டுப்போட்டா நடக்க வருது. பி.டி. சார்கிட்டச் சொல்லிராதீங்க. யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்க ஃபைனலுக்குத்தான் வர்றாங்க. இதுல ஆடலைன்னா எனக்கு அடுத்த வருஷம் கிடையாது, படிப்பு முடிஞ்சிரும். அம்மா மில்லுல நிக்கிறாங்க” என்றான்.

அவன் கூறியது எளிதில் தள்ளத்தக்கதன்று. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ரயில்வேயிலும் காவல் துறையிலும் கபடி ஆடுவோர்க்கு இடமுண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஆடி அர்ஜுனா விருதும் பெற்றதை இப்பக்கத்துப் பிள்ளைகள் மந்திரம் போல் மனத்தில் வைத்திருக்கின்றனர். அந்த ஏணியின் முதற்படி பல்கலைக்கழகச் சட்டை. நாம் ஒரு சொல் சொன்னால் அந்தப் படி முறியும்.

சொல்லாவிட்டால் முறியக்கூடியது எது என்பதையும் நாம் அறிவோம். 1984இல் ஒரு மாட்டுப்பொங்கல் ஆட்டத்தில் நம் முழங்கால் திருகிற்று. அத்தாவிடமும் சொல்லவில்லை, ஆட்டக்காரரிடமும் சொல்லவில்லை. மறுவாரமே கமுதிப் பக்கம் ஓர் ஊரில் ஆடப் போனோம். திரும்பி வரும்போது கால் திரும்பவில்லை, உடல் மட்டும் திரும்பிற்று. இன்று பள்ளிவாசலில் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலியிட்டுத் தொழுகிறோம். நெற்றி தரையில் படும் ஸுஜூது நமக்கு இல்லாமற்போய் நாற்பது ஆண்டுகள் ஆயின. பாடுவோரின் திரும்பும் காலை நாம் உற்றுப் பார்ப்பது இதனால்தான். வேறு நுட்பம் ஏதுமில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிள்ளை கூறிய இரகசியம் ஓர் அமானிதம். இயக்குநர் கேட்ட யோசனையும் ஓர் அமானிதம். இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எதைக் காப்பது? யோசனை கேட்கப்பட்டவன் நம்பப்பட்டவன் என்பதை நம் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்தப் பிள்ளை நம்மை யோசனை கேட்கவில்லை, கெஞ்சினான். அதிலும் ஒரு நம்பிக்கை இருந்ததே.

காலையில் முதற்பேருந்தில் சென்று விடுதி வாயிலில் அவனைக் கண்டோம். “பத்து மணிக்குள் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் உன் வாயால் சொன்னதாகும். பத்தரைக்கு நாம் சொல்வோம்” என்றோம். அவன் பதில் பேசவில்லை. நம் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன்னதாக அவனே சென்று சொன்னான். இயக்குநர் நம்மிடம் வந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது. “பாய், போனஸ் முழுக்க அவன்தான். அவன் இல்லாம மதுரைக்காரங்க முன்னால போய் நிக்கவா?” என்றார். பிறகு அவரே, 2022இல் தமிழ் தலைவாஸ் அணி இரண்டேகால் கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறியதை நினைவுகூர்ந்தார். அந்தப் பருவத்தில் நரேந்தர் என்னும் இளைஞர் பாடிப் பாடி அணியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுசென்றார். அதைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார். நாம் மறுத்துப் பேசவில்லை. நரேந்தரைப் போன்றவர் எல்லாப் பையிலும் இருப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

நம் தாளை மாற்றி எழுதிக் கொடுத்தோம். முதல் ரைடு குட்டையனுக்கு. மூலைக்குப் போகவேண்டாம், இடையில் நிற்போரை மட்டும் தொட்டு வரட்டும். எதிரே ஐவராகக் குறைந்தால் போனஸே கிடையாது, நெட்டையன் இல்லாத குறையும் அப்போது தெரியாது. ஆகவே தொடக்கத்திலேயே இருவரைக் குறைப்பதில் கருத்து வேண்டும். மூன்றாவது ரைடு எப்போதும் கரிமூட்டக்காரர் மகனுக்கு.

இறுதியாட்டத்தைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. இடைவேளை வரை சமமாக நின்றோம். பிற்பாதியில் மதுரைப் பிள்ளைகள் ஒருமுறை நம் எழுவரையும் வெளியேற்றி லோனா எடுத்தனர். கரிமூட்டக்காரர் மகன் ஆறு முறை மூன்றாவது ரைடுக்குச் சென்று ஐந்து முறை புள்ளியோடு வந்தான். இரண்டு புள்ளியில் தோற்றோம். நெட்டையன் வெளிப்பலகையில் துண்டைப் போர்த்தியபடி அமர்ந்திருந்தான். இரண்டு போனஸ்தான் குறைவு என்பதை அரங்கில் இருந்த எவரும் கணக்கிட்டிருப்பர், அவன் கட்டாயம் கணக்கிட்டிருப்பான். தேர்வுக்கு வந்தவர்கள் கரிமூட்டக்காரர் மகனின் பெயரைக் குறித்துக்கொண்டு போயினர்.

திரும்பும் வேனில் நெட்டையன் நம்மோடு பேசவில்லை. இயக்குநரும் அதிகம் பேசவில்லை. பின்னர் மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முழங்கால் ஜவ்வு பாதி கிழிந்திருந்ததாகவும், அறுவை வேண்டாம், ஆறு மாதம் ஓய்வும் பயிற்சியும் போதும் என்று மருத்துவர் கூறியதாகவும் செவியுற்றோம். அது கேட்டு மனம் சற்று ஆறிற்று. ஆயினும், அவன் ஆடியிருந்தால் ஜவ்வு முழுதும் கிழிந்திருக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது; கிழியாமலே கோப்பையும் சட்டையும் கிடைத்திருக்கவும் கூடும். இந்த எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

சென்ற சித்திரையில் ஒரு மாலை, வெயில் தாழ்ந்தபின், யாரோ வாசலில் நின்று “ஐயா” என்றனர். நெட்டையன். தேர்வு எழுதி முடித்துவிட்டதாகவும், மில் அணி ஒன்றில் ஆள் எடுப்பதாகவும் சொன்னான். வேறொன்றும் பேசாமல் நம்மை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் குண்டாற்றங்கரைக்குக் கொண்டுசென்றான். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் குதிகாலால் இரண்டு கோடு கிழித்தான்.

“ஓடுறேன். வலது கால் திரும்புதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றான்.

நாம் கரையில் கிடந்த கல்லின் மேல் அமர்ந்தோம். அவன் ஓடினான், கோட்டைத் தொட்டான், வலக்காலை ஊன்றித் திரும்பி வந்தான். இன்னொரு முறை ஓடச் சொன்னோம்.