மாட்டுத் தீனியை நெடுந்தீவுக் குதிரைக்கு அனுப்பலாமா?

வரட்சி வந்தால் நெடுந்தீவுக் குதிரைகளின் படங்கள் எங்கட வட்ஸ்அப்புக்கும் வந்து சேரும். விலா எலும்பு தெரிய, வெடித்த நிலத்தில் தலையைக் குனிந்து நிற்கும் குதிரைகள். தண்ணீர் இல்லாமல் செத்த குதிரைகள் பற்றிய செய்திகளும் வந்திருக்கின்றன. கொள்ளுப்பிட்டியில் வேலை செய்கிற நாங்கள் சிலர், ஏதாவது செய்ய வேண்டும் என்று கதைக்கத் தொடங்கினோம். எங்களில் ஒருத்தியின் சொந்தக்காரர் பால் மாடு வளர்க்கிறார். "சைலேஜ் வாங்கி லொறியில ஏத்துவம். புல் இல்லாத காலத்தில மாடுகள் அதாலதான் தப்புது" என்றாள். காசு சேர்க்க முதல் ஒரு விஷயம் பார்க்க வேண்டியிருந்தது: குதிரை அதைச் சாப்பிடலாமா?

சைலேஜ் என்பது ஒரு வகை ஊறுகாய்ப்புல். பச்சைச் சோளத்தையோ புல்லையோ நறுக்கி, காற்றுப் போகாமல் இறுக்கி, பொலித்தீனால் மூடி வைத்தால் அது புளித்து மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மாட்டுக்கு அது நல்ல சாப்பாடு. மாட்டின் வயிற்றில் நாலு அறைகள். தின்றது முதலில் நுண்ணுயிர்கள் நிறைந்த பெரிய அறைக்குள் போய் நொதிக்கும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சின்னது. புல்லை நொதிக்க வைக்கிற வேலை பின்னால் பெருங்குடலில்தான் நடக்கும். கெட்டதைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் குதிரையால் முடியாது.

பெரிய பயம் பொட்டுலிசம். அதைக் கொண்டுவரும் பக்டீரியா மண்ணில் இருக்கும். காற்றில்லாத இடம்தான் அதுக்கு வசதி. சைலேஜ் நன்றாகப் புளித்து அமிலம் ஏறினால் அது வளராது. ஈரம் கூடி, புளிப்புக் காணாமல் போனால் வளர்ந்து நச்சை உண்டாக்கும். அறுவடை மெஷினில் சிக்கிய ஒரு எலியோ பாம்போ உள்ளே கிடந்தாலும் போதும். அந்த நச்சு தசைகளைச் செயலிழக்கச் செய்யும். முதலில் விழுங்க முடியாது, நாக்குத் தளரும், பிறகு நிற்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். மாட்டுக்கும் இது வரலாம். ஆனால் குதிரையின் உடம்பு இந்த நச்சுக்கு மிகவும் பலவீனமானது. ஒரே கட்டில் வாய் வைத்த பல குதிரைகள் ஒன்றாகச் சாகலாம்.

அப்படியென்றால் உலகத்தில் ஒருத்தரும் குதிரைக்குப் புளித்த தீனி கொடுப்பதில்லையா? கொடுக்கிறார்கள். ஐரோப்பாவில் ஹேலேஜ் என்று ஒன்று இருக்கிறது. புல்லைப் பாதிக்கு மேல் உலரவிட்டுப் பிறகுதான் சுற்றுவார்கள். பொலித்தீன் கிழிந்திருந்தால், பூஞ்சணம் தெரிந்தால் எறிந்துவிடுவார்கள். திறந்த கட்டைச் சில நாளுக்குள் முடிப்பார்கள். புதுத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்குவார்கள், ஏனென்றால் திடீர் மாற்றமே குதிரைக்கு வயிற்று வலியைக் கொண்டுவரும். மாட்டுக்கென்று செய்த ஈரச் சோள சைலேஜ் வேறு சாமான்.

இப்போது எங்கட லொறியை யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பிறகு குறிகட்டுவானில் இறக்கிப் படகில் ஏற்ற வேண்டும். எத்தனை இடத்தில் பொலித்தீன் கிழியும்? தீவில் அந்த வெயிலில் திறந்து கொட்டினால் எவ்வளவு நேரம் தாங்கும்?

கொழும்பின் குதிரைப் பந்தயம் 19ஆம் நூற்றாண்டில் எங்கட காலிமுகத்திடலில்தான் நடந்தது. 1893இல்தான் கறுவாத்தோட்டப் பக்கம் போனது. அந்தக் குதிரைகளுக்குத் தீனி போட ஆள் இருந்தது. சாப்பிடாமல் நின்றால் கவனிக்கவும் ஆள் இருந்தது. நெடுந்தீவுக் குதிரைகள், போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியவை என்று சொல்லப்படுபவை, இன்று தம்பாட்டில் திரிகின்றன. எது என்ன தின்றது, எது விழுங்கக் கஷ்டப்படுகிறது என்று பார்க்க அங்கே ஒருத்தரும் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. கொள்ளென்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளமென்றால் மூடுமாம் குதிரை. பசித்த குதிரை சைலேஜுக்கும் வாயைத் திறக்கும். ஆகவே யோசிக்க வேண்டியது கொடுக்கிற நாங்கள்தான்.

சரி, வைக்கோலோ காய்ந்த புல்லோ அனுப்பினால்? அதிலும் ஒரு சிக்கல். தண்ணீர் குடிக்காமல் காய்ந்த தீனியை மட்டும் தின்றால் அது குடலில் அடைத்துக்கொள்ளும். அதனால் முதல் தேவை தண்ணீர். சாப்பாடு அதுக்குப் பிறகுதான்.

தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களம் பொறுப்பு. எதை, எங்கே, எப்போது வைப்பது என்று அவர்களிடமும் ஒரு மிருக வைத்தியரிடமும் தீவுச் சனத்திடமும் கேட்காமல் கொழும்பிலிருந்து லொறி புறப்படக்கூடாது என்றுதான் முடிவெடுத்திருக்கிறோம். சைலேஜ் பட்டியலில் இல்லை. தண்ணீர்த் தொட்டி வைக்க எவ்வளவு செலவாகும், அதை நிரப்பப்போவது யார் என்ற கேள்விகளோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நெடுந்தீவுப் பக்கம் ஆக்கள் தெரிந்தவர்கள் எங்களோடு கதையுங்கோ.