கூரான பாறை, வளைந்த ஆறு
(ஒரிகன் பயணம் – 4)

சென்ற வாரம் பயணக் கதையை ஹூட் மலையடிவாரத்தில் விட்டிருந்தேன். அங்கிருந்து 26ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்கிழக்காக இறங்கினால் சிறிது நேரத்திலேயே நிலம் வேறாகிவிடுகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகின்றன. கிழக்குப் பக்கத்துக்கு மிஞ்சுவது வறண்ட காற்றுதான். வானளாவிய ஃபர் மரங்கள் மறைந்து, முறுக்கிய உடம்போடு நிற்கும் ஜூனிப்பர் மரங்களும் சாம்பல் பச்சை நிறப் புதர்களும் வருகின்றன.

வழியில் ஓர் ஊரின் பெயர்ப்பலகையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். மெட்ராஸ்! நம் ஊரிலிருந்து போன பருத்தித் துணியின் பெயரால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். இந்த மெட்ராஸில் வளர்ந்த ஓர் இளைஞரால்தான் நான் பார்க்கப்போன இடம் உலகப் புகழ் பெற்றது. அவரைப் பற்றிப் பிறகு.

மெட்ராஸிலிருந்து 97ஆம் எண் சாலையில் அரைமணி நேரம் தெற்கே போனால் டெரபோன் என்ற சிற்றூர். அங்கே கிழக்கே திரும்பினால் வயல்கள், வைக்கோல் கட்டுகள், மேயும் குதிரைகள். மலை இருப்பதற்கான அறிகுறியே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு நாலு எட்டு வைத்தால் காலடியில் பெரும் பள்ளம். அடியில் குரூக்கட் ஆறு வளைந்து ஓடுகிறது. எதிர்க்கரையில் செம்மஞ்சள் நிறத்தில் கூர் கூராகப் பாறைகள் நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. இதுதான் ஸ்மித் ராக் மாநிலப் பூங்கா. 1960இல் அமைத்தார்கள். பரப்பு சுமார் 650 ஏக்கர்தான். அமெரிக்கக் கணக்கில் சின்னப் பூங்கா.

சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு மாபெரும் எரிமலை வெடித்திருக்கிறது. அது கக்கிய சாம்பல் இறுகிப் பாறையானதுதான் நாம் பார்ப்பது. நாம் நிற்கும் கரையின் கறுப்புப் பாறையோ அதற்கு வெகுகாலம் பிந்திய எரிமலைக் குழம்பு. இரண்டுக்கும் நடுவே அறுத்துக்கொண்டு போகிறது ஆறு.

என்னை அழைத்துப் போனவன் ஹில்ஸ்பரோவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன். பாறை ஏறுவதில் பல வருடப் பழக்கம் உள்ளவன். முதல் வேலையாகக் கூடாரம் அடிக்கும் இடத்துக்குப் போனோம். இங்கே காரைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். விறகு எரிக்கக் கூடாது. கூடாரத்தருகே சமைக்கவும் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் அடுப்பு மூட்டலாம். காய்ந்த புல்லும் ஜூனிப்பரும் நிறைந்த பூமியில் ஒரு பொறி போதும் என்பதை நின்று பார்த்தாலே புரிகிறது. அந்தச் சமையல் இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் சிற்றடுப்புகளை வைத்துக்கொண்டு, மறுநாள் எந்தச் சுவரில் ஏறப்போகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உப்புமா கிளறினோம். வாசனைக்குத் திரும்பிப் பார்த்த ஒரு பெண்ணுக்கும் ஒரு தட்டு போனது. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு குரலும் இல்லை.

காலையில் பள்ளத்துக்குள் இறங்கி, நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து, இடப்பக்கம் திரும்பினோம். தொடக்கநிலையாளர்கள் ஏறும் ஒரு சுவரின் முன் அவன் கயிற்றைப் பிரித்தான். அவன் முன்னால் ஏறி, பாறையில் அடித்திருந்த போல்ட்டுகளில் ஒவ்வொன்றாகக் கயிற்றை மாட்டிக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். பிறகு இறங்கி வந்து என் இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டினான். எட்டு வடிவ முடிச்சு. கயிறு போன வழியே திரும்பி வந்து, எல்லா இடத்திலும் இரட்டைக் கோடாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படிந்திருக்க வேண்டும். அவன் விரலால் அந்தத் தடத்தை முழுவதும் தொட்டுப் பார்த்தான். அதோடு விடவில்லை.

"மாமா, நீங்களும் ஒருதரம் தொட்டுப் பாருங்க. அப்புறம் என் பக்கத்துப் பூட்டையும் இழுத்துப் பாருங்க."

"நீதான் பார்த்துட்டியேப்பா."

"நான் பார்த்தது போதாது மாமா. ரெண்டு பேரும் பார்க்கணும். அதான் வழக்கம்."

சுற்றிலும் பார்த்தேன். எல்லாச் சுவர்களின் அடியிலும் இதே காட்சி. பத்திருபது ஆண்டு அனுபவசாலிகள்கூட ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்த்த பிறகே பாறையில் கை வைக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில் மிகப் பிடித்துப்போனது இதுதான்.

பாறை தூரத்துக்குச் செங்குத்தாகத் தெரிந்தாலும் பக்கத்தில் மேனியெல்லாம் சிறு சிறு குமிழ்களும் குழிகளும். ஒரு குமிழ் என் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. அதன்மேல் காலணியின் முனையை வைத்து எடையை ஏற்றினால், நிற்கிறது! கை தேடிப் போன இன்னொரு குமிழில் மணல் போல் ஏதோ உதிர்ந்தது. உயரம் கூடக் கூட, இடுப்பில் கயிறு லேசாக இழுபட்டுக்கொண்டே இருந்தது. கீழே நிற்பவன் ஒரு கணமும் கண்ணை எடுக்கவில்லை என்பதற்கு அந்த இழுப்புதான் சாட்சி. உச்சி வளையத்தைத் தொட்டபோது, என் பலத்தைவிட அவன் கவனமே என்னை ஏற்றியது என்று தோன்றியது.

பாறையின் இந்த உதிரும் தன்மையால்தான், நேர்ச்சுவர்களில் பெரும்பாலானவற்றை நெடுங்காலம் யாரும் சீண்டவில்லை. மெட்ராஸ்காரர் ஆலன் வாட்ஸ் 1980களின் தொடக்கத்தில் வேறு வழியில் யோசித்தார். மேலிருந்து கயிற்றில் தொங்கி இறங்கி, பொலபொலத்த பகுதிகளைத் தட்டி அகற்றி, போல்ட் அடித்து, பிறகு கீழிருந்து ஏறினார். கீழிருந்தே தொடங்குவதுதான் தர்மம் என்று நினைத்த பழைய தலைமுறைக்குக் கோபம் வந்தது. ஆனால் அமெரிக்காவில் போல்ட் அடித்த பாதைகளில் ஏறும் 'ஸ்போர்ட் கிளைம்பிங்' வேர்விட்ட இடங்களில் ஸ்மித் ராக் முதன்மையானது. கயிறு தேவைப்படும் ஏற்றங்களை அங்கே 5 என்று தொடங்கி அளக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னுள்ள எண் கூடக் கூடக் கடினம். வாட்ஸ் ஆயத்தம் செய்த 'டு போல்ட் ஆர் நாட் டு பி' என்ற சுவரை 1986இல் பிரான்ஸ் நாட்டு ஜான் பாப்டிஸ்ட் டிரிபு ஏறி முடித்தார். அமெரிக்க மண்ணின் முதல் 5.14 அது. 1998இல் பெத் ராடன் அதே சுவரில் ஏறியபோது அவருக்கு வயது 18. நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பல்லிக்குக்கூட அதில் பிடி கிடைக்குமா என்று இருந்தது.

மறுநாள் மிசரி ரிட்ஜ் பாதை. துன்பமேடு என்று பொருள்படும் அந்தப் பெயருக்கு நியாயம் உண்டு. பாலத்தைத் தாண்டியதுமே நேராக மேலேறுகிறது, நிழல் கிடையாது. மேலே சேர்ந்தால் மேற்கே காஸ்கேட் பனிச்சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. மறுபக்கம் இறங்கும் வழியில் 'மங்கி ஃபேஸ்' என்ற 350 அடித் தனித்தூண், வாயைத் திறந்த குரங்கு முகத்தோடு. அந்த வாய்க்குள் இரண்டு பேர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து சரிவில் இறங்கி ஆற்றோரமாகவே சுற்றிவந்தால் மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர்.

ஆற்றோரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: பொன்னிறக் கழுகுகள் கூடு கட்டியிருப்பதால் இந்தப் பாறையில் குறிப்பிட்ட மாதங்களில் ஏறத் தடை. காவலுக்கு ஆள் இல்லை, வேலி இல்லை. ஆனாலும் அந்தச் சுவர் வெறுமையாகவே இருந்தது, பக்கத்துச் சுவரில் வரிசை நின்றது. ஏறுபவர்களே கடைப்பிடிக்கிறார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் 'ஸ்பிரிங் திங்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் கூடிப் படிகளையும் பாதைகளையும் செப்பனிடுவதாகத் தங்கை மகன் சொன்னான். அவனும் ஒருமுறை கல் சுமந்திருக்கிறான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. கோடை வெயிலில் அந்த மேடு தாங்காது. சனி, ஞாயிறென்றால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பள்ளத்துக்குள் இறங்குமுன் தண்ணீரை மேலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாறை இடுக்குகளில் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. கை வைக்குமுன் பாருங்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆற்றோரப் பாதையே போதும், பெரும்பாலும் மட்டமானது. எந்தப் பாதையானாலும் வளைவுகளில் குறுக்கே இறங்காதீர்கள். அந்த மண் உதிரி மண்; ஒரு குறுக்குத்தடம் விழுந்தால் அடுத்த மழையில் சரிவே அரித்துப் போகும்.

அடுத்த வாரம் நியூபெரி எரிமலை.