குண்டு படாத காயம்

டிஸபிலிட்டி பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர்களில் பலர் அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பனிமலையில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவர், பீரங்கிப் பயிற்சியில் காது மந்தமானவர், ராணுவ லாரி கவிழ்ந்து முட்டி உடைந்தவர் என்று யாராயிருந்தாலும் சொல்லும் சமாதானம் ஏறக்குறைய ஒன்றுதான்: "எனக்கென்ன குண்டா பாஞ்சுது? சண்டையில கை கால் போனவன் இருக்கான், அவனுக்குச் சேர வேண்டியது இது." சிலர் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். வேலூரும் திருவண்ணாமலையும் ஒன்றாயிருந்த பழைய வட ஆற்காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் பல உண்டு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். எனவே இந்தக் கூச்சம் இங்கே ஓரிருவருடைய சுபாவம் அல்ல. நல்ல மனத்திலிருந்து வருவதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது தப்புக் கணக்கு என்பது என் கட்சி.

இதன் வேர் ஆழமானது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அதைப் பார்க்கலாம். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. தன் எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் கொடுத்து, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படி விழுந்த வீரனின் குடும்பத்துக்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கமும் இருந்தது. சிந்திய குருதிக்கு ஈடாக மண். நாய்க்குக்கூடக் கல்லில் பெயர் கிடைத்த அந்த மரபில், படைக்கு மூட்டை சுமந்து முதுகு ஒடிந்தவனுக்கு இடமில்லை. அந்தக் கண்ணோடுதான் இன்றைக்கும் பலர் தங்கள் பென்ஷன் உத்தரவைப் பார்க்கிறார்கள்.

ஆனால் இன்றைய பென்ஷன் வீரத்துக்கான மானியம் அல்ல. ஆலையில் இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளிக்கு இழப்பீடு தர 1923இலேயே சட்டம் வந்தது. அவர் வீரமாக வேலை பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. வேலையில் அடிபட்டாரா என்பதே கேள்வி. அதே சட்டம் முப்படையினரைத் தன் வரையறையிலிருந்து வெளியே நிறுத்தியது. படைவீரர் சங்கம் வைக்க முடியாது. இந்த மலைக்கு வர மாட்டேன், இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்ல முடியாது. இருபத்துநாலு மணி நேரமும் உடம்பை ஒப்படைத்தவருக்கு மற்றத் தொழிலாளிக்குத் திறந்திருக்கும் கதவும் மூடியிருப்பதால், அதற்கு மாற்றாக இருப்பதுதான் இந்தப் பென்ஷன். போர்க்காயத்தையும் மற்றக் காயத்தையும் அரசு ஒரே தட்டில் வைக்கவும் இல்லை. பணி முடித்து ஓய்வு பெறுகிறவருக்கு நூறு விழுக்காடு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு; அதே ஊனம் போரில் வந்ததென்றால் 60. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்றும் ஊனம் 50 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்ளுங்கள்: வழுக்கி விழுந்தவருக்கு 6,000, போரில் அடிபட்டவருக்கு 12,000. பதக்கம் தனி. சண்டையில் அடிபட்டவருக்குரிய கூடுதல் மரியாதையை விதியே செய்துவிட்டது. மற்றவர் தன் 6,000 ரூபாயை விட்டுக்கொடுப்பதால் அவருக்கு ஒரு காசும் கூடப்போவதில்லை.

போர் என்றால் எதிரியின் துப்பாக்கி என்று நினைப்பதும் பாதி உண்மைதான். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் படை நகர்த்தப்பட்டது. ஆபரேஷன் பராக்கிரம் என்று பெயர். பத்து மாதம் நின்றது, போர் மூளவில்லை. ஆனாலும் கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் வாகன விபத்துகளிலும் மற்றபடியும் இறந்தவர்கள் 798 பேர் என்று அரசே பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னது. சியாச்சினில் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்றவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று அங்கே மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் பனி மூடியது. நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் வேலூர் மாவட்டத்தவர். அவர்கள் உடல் ஊருக்கு வந்தபோது "குண்டு பட்டா செத்தார்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. பனியில் செத்தவருக்குக் கேட்காத கேள்வியை, பனியில் விரல் கருகிப் பிழைத்து வந்தவர் தன்னைப் பார்த்துத் தானே ஏன் கேட்டுக்கொள்ள வேண்டும்?

காயம் சரி, நோய்க்கு என்ன சொல்வது என்பார்கள். ரத்த அழுத்தமும் வலிப்பும் ஊரில் இருந்தாலும் வந்திருக்குமே. மெடிக்கல் போர்டு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஒரு கட்டம் உண்டு: இந்த நோய் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா? இரண்டுமில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் கோப்பு மூடப்படும். ஒரு வாழ்க்கையை ஒரு வரியில் முடித்துவிடும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது. அவர் 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994இல் வெளியே அனுப்பப்பட்டார். தேர்வின்போது மார்பை அளந்து, கண்ணைச் சோதித்து, ஓடவிட்டு எடுத்துக்கொண்ட ஆளிடம் அப்போது குறை ஏதும் குறித்துவைக்காதவர்கள், பின்னால் வந்தது பணியால் அல்ல என்று சொல்வதானால் நிரூபிக்க வேண்டியது அவர்கள்தான் என்றது நீதிமன்றம். எனக்கு இது சட்ட நுணுக்கமாகத் தெரியவில்லை; சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் காலங்காலமாய் ஒத்துக்கொள்ளும் நியாயம்தான். பல்லும் காலும் பார்த்து ஓட்டிப்போனவன் பத்து வருஷம் ஏரில் பூட்டிவிட்டு, இது பிறக்கும்போதே நொண்டி என்று சொன்னால் யார் ஏற்பார்கள்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: பலர் ஏமாற்றி வாங்குகிறார்கள் என்பது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கைப்படி, 2015-16 முதல் ஐந்தாண்டுகளில் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் ஆண்டுக்கு 36 முதல் 40 விழுக்காட்டினர் ஊனப் பென்ஷனோடு போயிருக்கிறார்கள். மற்ற நிலையினரில் இது 15 முதல் 18தான். தணிக்கையில் சோதித்த கோப்புகளில் பெரும்பங்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும். இதைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். பங்கரிலும் பாறையிலும் கிடந்த சிப்பாயைவிட அதிகாரிக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஊனம் வருவது எப்படி? சிப்பாய் உறுதியானவர் என்பது ஒரு விடை. கேட்கத் தெரிந்தவர் கேட்டார், தெரியாதவர் கேட்கவில்லை என்பதும் இன்னொரு விடை. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. ஏமாற்றுகிறவர் கூச்சப்படமாட்டார், கூச்சம் உண்மையில் அடிபட்டவரைத்தான் வடிகட்டி வெளியே நிறுத்துகிறது. 2023 செப்டம்பரில் அரசு விதிகளை இறுக்கியிருக்கிறது. போலிகளை அது எவ்வளவு தடுக்குமோ, கிராமத்து நாயக்குகளையும் ஹவில்தார்களையும் இன்னும் கொஞ்சம் தயங்கவைக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

எல்லாவற்றையும் பணிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. சட்டமும் எங்கோ கோடு போட்டிருக்கிறது. விடுப்பில் ஊருக்குப் பயணப்படுவதும் திரும்புவதும் பணியே. ரயிலிலிருந்து இறங்கும்போது அடிபட்ட ஒரு வீரரின் வழக்கில், பயணச் செலவை அவரே கொடுத்திருந்தாலும் அது பணிதான் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடுப்பில் வீட்டிலிருந்தபோது ஸ்கூட்டர் விபத்தில் சிக்கியவருக்கு 2011இல் அதே நீதிமன்றம் இல்லை என்றது. அதாவது, திருவண்ணாமலைக்கு வருகிற வழியில் காட்பாடி பிளாட்பாரத்தில் கால் உடைந்தால் அது ராணுவத்தின் பொறுப்பு. வீடு வந்து சேர்ந்து, பௌர்ணமி கிரிவலத்துக்குப் பைக்கில் போய் விழுந்தால் அவரவர் பாடு. எனக்கு இந்தக் கோடு நியாயமாகவே படுகிறது. கோட்டுக்கு உள்ளே நிற்கிறவர் தன்னை வெளியே தள்ளிக்கொள்வதுதான் புரியவில்லை.

கூச்சத்தால் கேட்காமல் தள்ளிப்போடுவதற்கு விலையும் உண்டு. 1983இல் ஊனத்தோடு வெளியேறிய தர்செம் சிங் 1999இல்தான் நீதிமன்றம் போனார். உரிமை உண்டு, ஆனால் நிலுவை வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டுமே என்று 2008இல் தீர்ப்பானது. நடுவில் போன பதின்மூன்று ஆண்டுப் பணம் போனதுதான். அடிபட்ட அன்று எழுதிய இஞ்சுரி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகல் மூன்றும் பெட்டியில் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது போதும், விண்ணப்பத்தைத் தொடங்கிவிட.