நடுக்கடலில் தூக்கம் எப்படி வரும்?

இரவு இரண்டு மணி. கண்கள் சொக்குகின்றன. ஆனால், அசந்துவிடக் கூடாது. அசந்தால் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பவரின் உயிருக்கும் சேர்த்து ஆபத்து. இரண்டு பேர் மட்டும் கடல் கடக்கும் பாய்மரப் படகில் ஒவ்வோர் இரவும் இப்படித்தான் கழியும்.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் அப்படித்தான் உலகைச் சுற்றிவந்தார்கள். இருவரும் இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் 'தாரிணி' என்ற படகில் ஏறியவர்கள், 2025 மே 29 அன்றுதான் கோவா திரும்பினார்கள். வழியில் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என நான்கு இடங்களில் மட்டும் நின்றார்கள். சூயஸ், பனாமா கால்வாய் வழியாகக் குறுக்கே போகக் கூடாது. காற்றை மட்டுமே நம்பி ஓட வேண்டும். இதுதான் நிபந்தனை.

தாரிணியின் நீளம் சுமார் 17 மீட்டர். ஏறக்குறைய ஒன்றரை பஸ்! அதற்குள்தான் படுக்கை, சமையல், கழிப்பறை, கருவிகள், மாதக்கணக்குக்கான மளிகை எல்லாம். 2017-18ல் இதே படகில் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றினார்கள். ஆறு பேர் என்றால் இட நெருக்கடி. ஆனால், முறை போட்டுத் தூங்கலாம். இரண்டு பேர் என்றால் இடம் தாராளம், தூக்கம்தான் பஞ்சம்.

இருவர் படகில் வழக்கமான ஏற்பாடு, மூன்று நான்கு மணி நேர ஷிஃப்ட். ஒருவர் மேல்தளத்தில், ஒருவர் படுக்கையில். சுக்கானைப் பெரும்பாலும் தானியங்கிக் கருவி பிடித்துக்கொள்ளும். பெரிய கப்பல் நெருங்கினால் அலாரம் அடிக்கும். அப்புறம் என்ன, ஹாயாக உட்காரலாமே என்று தோன்றும். காற்று திடீரென்று திசை மாறினாலோ, வலுத்தாலோ நிமிடங்களில் பாயைச் சுருக்கியாக வேண்டும். பெரிய வேலை என்றால் தூங்குபவரையும் எழுப்ப வேண்டியதுதான். எழுப்பலாமா, இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமா? குழந்தை வளர்த்தவர்களுக்கு இந்தத் தயக்கம் புரியும். ஆனால், கடலில் அந்தப் பத்து நிமிடத்தில் பாய் கிழிந்துவிடலாம்.

தூங்குபவரும் முழுசாகத் தூங்குவதில்லை. படகு உருட்டித் தள்ளிவிடாமல் இருக்கப் படுக்கையின் ஓரத்தில் தூளி மாதிரி ஒரு துணித் தடுப்பு கட்டியிருப்பார்கள். காது மட்டும் விழித்திருக்கும். படகின் மீது தண்ணீர் மோதும் சத்தம் லேசாக மாறினாலே பழகிய மாலுமிக்கு முழிப்பு வந்துவிடும். இப்படியே போனால் ஒரே படகில் இருந்தும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஷிஃப்ட் மாறும் நேரத்துச் சூடான டீயும், சாப்பாட்டு வேளையும்தான்!

சமையலறை தனிக் கதை. படகு சாய்ந்தாலும் அடுப்பு சாயாது. ஊஞ்சல்போல் தொங்கியபடி மட்டமாகவே நிற்கும். நெடுந்தூரப் பாய்மரப் படகுக்காரர்களுக்கு மிகப் பிடித்த பாத்திரம் எது தெரியுமா? நம் வீட்டு பிரஷர் குக்கர்! மூடி பூட்டிக்கொள்வதால், படகு குலுங்கினாலும் உள்ளே இருப்பது கொட்டாது. முதல் சில நாளிலேயே கீரை, தக்காளி காலி. உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைக்கோஸ் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பிறகு அரிசி, பருப்பு, பாக்கெட் உணவு.

நல்ல தண்ணீரைத் தங்கம்போல் செலவழிக்க வேண்டும். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி, கடைசியில் ஒரு கை நல்ல தண்ணீர். துணியில் உப்பு ஏறிவிட்டால் அது காயவே காயாது. காற்றிலுள்ள ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈர உடையோடுதான் தென் கடலின் குளிரையும் தாங்க வேண்டும்.

அந்தத் தென் கடலில் அலைகளைத் தடுத்து நிறுத்த நிலமே கிடையாது. மேற்குக் காற்று உலகைச் சுற்றித் தடையில்லாமல் அடிக்கும். தாரிணி கிழக்கு நோக்கிப் போனதற்குக் காரணமே அந்தக் காற்றுதான். ஆனால், அதே காற்று மணிக்கு 93 கிலோமீட்டர் வரை சீறியது. அப்படிப்பட்ட நேரத்தில் மேல்தளத்தில் காலெடுத்து வைக்கும் முன், இடுப்புப் பட்டையைப் படகோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். தவறி விழுந்தால், உள்ளே தூங்குபவருக்குத் தெரியவருவதற்குள் படகு வெகுதூரம் போயிருக்கும்.

லிட்டல்டனிலிருந்து போர்ட் ஸ்டான்லி வரையிலான பயணம்தான் மிக நீளமானது. ஆறு வாரங்களுக்கும் மேல். புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே சர்வதேச தேதிக் கோடு வரும். கிழக்கே போகிறவர்களுக்கு அங்கே ஒரே தேதி இரண்டு முறை வரும். தூக்கத்துக்கு ஏங்குகிறவர்களுக்குக் காலண்டரில் ஒரு நாள் போனஸ்! ஆனால், ஷிஃப்ட் மட்டும் குறையாது.

ஜனவரி 30 அன்று பாயின்ட் நீமோவைக் கடந்தார்கள். எந்தக் கரைக்கும் மிகத் தொலைவான கடல் புள்ளி அது. மிக அருகில் உள்ள நிலமே சுமார் 2,688 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது, மிக அருகில் இருக்கும் வெளிமனிதர்கள் அங்குள்ள விண்வெளி வீரர்கள்தான். அந்த இடத்திலும் இருவரும் சும்மா இருக்கவில்லை. ஆராய்ச்சிக்காகக் கடல் நீர் மாதிரி எடுத்தார்கள். பிப்ரவரி நடுவில், மாலுமிகள் நடுங்கும் கேப் ஹார்ன் முனையையும் தாண்டினார்கள்.

இரண்டு பேர் மட்டும் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர்கள் இவர்கள்தான். மே 29 அன்று பாதுகாப்புத் துறை அமைச்சர் நேரில் வரவேற்றார். கரையில் மாலை, கேமரா, கைத்தட்டல். அன்று இரவு இருவரும் ஒரே நேரத்தில் தூங்கப் போகலாம்; யாரும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.